ரசமட்டம்

கம்பெனியில் எனக்கு ஜோடி பார்க்கும் வேலை.
இடது, வலது. குதிகால் உயரம், நாக்கு நீளம்.
இரண்டு மில்லி கூடினாலும்
சிவப்பு ஸ்டிக்கர், தனிக் கூடை.
ஷிப்டுக்கு நானூறு ஜோடி.
ஆறரைக்கு ஆம்பூர் மேம்பாலத்தடியில் இறங்கி
வீட்டுக்கு வந்தால் கொட்டகையில் நிற்கிறது
தன்னோடு தானே ஜோடி சேராத ஒன்று.

பொய்கைச் சந்தையில் முனவ்வர் இதை வாங்கும்போது
பதினோரு மாதம், நேராகத்தான் இருந்தது.
நிறம் சாம்பல். வெளுத்துவிடும் என்றார்கள்,
வெளுத்தால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஆகும் என்றார்கள்.
தண்டல் வாங்கிப் பணம் கட்டி
ஷஹ்ஸாதா என்று பெயரும் வைத்தான்.
நோன்பு முடிவதற்குள்
பின்பக்கம் எழுந்துவிட்டது.

தெருப் பையன்கள் பெயரை மாற்றினார்கள்: டிப்பர்.
பாலாற்று மணலைக் கொட்டப்போகிற லாரி மாதிரி
பின்னால் தூக்கி, முன்னால் சரிந்து.
அண்ணன் சண்டைக்குப் போனான்.
குட்டியோ அந்தப் பெயருக்குத்தான்
காதைத் திருப்புகிறது.

வெள்ளிதோறும் அளக்கிறேன்.
தோலில் கோடு போடும் வெள்ளிப் பேனா ஒன்று
(கம்பெனியுடையது, கேட்காமல் வந்தது).
சுவரோரம் நிறுத்தி
முன்தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு.
இடுப்பு மூன்று விரல் மேலே.
அப்புறம் தோள் துரத்திக்கொண்டு வந்தது, ஒரு விரல்.
அப்புறம் மறுபடி இடுப்பு.
நடுவில் ஒரு பதினைந்து நாள்
தலை மட்டும் தனியாக வளர்ந்தது,
வேறு யாருடைய முகத்தையோ
இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி.

முழங்காலுக்கு மேலே எலும்பு புடைத்தபோது
முனவ்வர் தைலம் தேய்த்தான், தாயத்தும் கட்டினான்.
மாட்டாஸ்பத்திரி ஏகவள்ளி டாக்டர்
தாயத்தை நகர்த்திவிட்டு அழுத்திப் பார்த்தார்.
'இன்னா போடறீங்க?'
'ரெண்டு படி கொள்ளு.'
'ஒண்ணாக் கொறைங்க. அது உள்ளயே
அவசரம் நெறைய கீது. நீங்க வேற தள்ளாதீங்க.'

பேரணாம்பட்டு சாரட்டு வண்டி ஹபீபுல்லா
பார்க்க வந்தது இடுப்பு எழுந்த வாரம்.
'மாப்பிள்ளைய ஏத்தினா
கழுத்து வழியா எறங்கிடுவாரே' என்றார்.
பேசிய விலையில் பாதி சொன்னார்.
நான் சுவரைக் காட்டினேன், கோடு கோடாக,
மாறி மாறி, பாருங்க பாய், வந்துடும்.
'நான் குதிரை வாங்க வந்தேன்மா, செவுரு வேணாம்.'
மழைக்காலத்தில் இன்னொரு முறை வந்தார்.
அன்றைக்குத் தோள் ஏறியிருந்தது.
'இப்ப முன்னால தூக்குதே' என்றார்.

தண்டல்காரர் மட்டும்
எந்த வாரமும் ஒரே உயரத்தில் வருகிறார்.

போன ஞாயிறு, கரண்டு இல்லாத மதியம்,
இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.
நம்பாமல் இன்னொரு தடவை போட்டேன்.
எதிர்வீட்டு மோசே கொத்தனார்
மட்டப்பலகை கொண்டுவந்து
தோளுக்கும் இடுப்புக்கும் பாலமாக வைத்து
அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார்.
மூன்று பேரும் குனிந்தோம்.
கண்ணாடிக்குள் அந்தக் குமிழி
இரண்டு கோட்டுக்கும் நடுவில்
நின்றது என்று சொல்ல முடியாது;
குட்டி மூச்சு விட விட
இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை,
போய் வந்துகொண்டிருந்தது.
கம்பெனியாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

'பேரணாம்பட்டுக்குப் போன் போடு' என்றான் முனவ்வர்,
குரலை உயர்த்தாமல்.
போட்டேன். ரிங் போகிறது.
எங்கிருந்தோ ஒரு ஈ.
தோலைச் சிலிர்த்தது அவ்வளவுதான்,
பலகை, மட்டம் எல்லாம் தரையில்.
'ஹலோ யாரு' என்கிறது போன்.

டிப்பர் குனிந்து
பலகையை முகர்ந்து பார்த்தது,
தின்ன ஆகுமா என்று.